பிரஷ் கட்டர்: 5 லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில்?

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
தென்னந்தோப்பில் புல் வெட்ட டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். ஆயில் கூடினால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று கண்ணளவாகவே ஊற்றிவந்தேன். இப்போது புகை கக்குகிறது. பிளக்கைக் கழற்றினால் கறுத்து ஈரமாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், பைக்குக்கு ஊற்றும் ஆயிலே போதும் என்கிறார். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் 50:1 என்று இருக்கிறது. 5 லிட்டருக்கு எத்தனை மில்லி?

கணக்குப்பிள்ளை:
100 மில்லி. 1000ஐ 50ஆல் வகுத்தால் லிட்டருக்கு 20. மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள்.

பழைய மெக்கானிக்:
கணக்கு சரி. ஆனால் தம்பி, பைக் ஆயிலைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தேங்கி நிற்க இடமே கிடையாது. பெட்ரோலோடு கிராங்க் அறைக்குள் போய், பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்துபோகிறது. எரிவதற்கென்றே செய்ததுதான் டூ-டி (2T) எனும் டூ ஸ்ட்ரோக் ஆயில். பைக் ஆயில் எரிந்தால் சாம்பல் படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும்.

ஆயில் கூடினால் நல்லது என்பதும் தவறு. புகைபோக்கி வழியெல்லாம் கரி அடைக்கும். கார்புரேட்டரில் எரிபொருள் வரும் சிறு துளையான ஜெட்டில் பெட்ரோலின் இடத்தை ஆயில் பிடித்துக்கொள்வதால், எரிபொருள் குறைந்து இன்ஜின் சூடேறவும் செய்யும். குறைந்தாலோ பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கலக்காத பெட்ரோலைக் கேன் மாற்றி ஊற்றிவிட்டு, பிஸ்டன் முழுக்கக் கீறலோடு இயந்திரத்தைத் தூக்கி வந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். டூ-டி ஆயிலுக்குச் சாயம் போடுவதே கலந்தது எது, கலக்காதது எது என்று பார்த்தவுடன் தெரியத்தான்.

டேங்கில் வைத்துக் கலக்காதீர்கள். தனிக் கேனில் பாதிப் பெட்ரோல், பிறகு முழு ஆயில், நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். எத்தனால் சேர்ந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

களைக்காரி:
என் பழைய ஸ்பிரேயருக்கு 25:1 என்று இருக்கிறது. அதற்கும் 20 மில்லி போதுமா ஐயா?

பழைய மெக்கானிக்:
போதாது அம்மா, 40 மில்லி. அந்தந்த இயந்திரத்துக்கு அதனதன் அளவு.

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
அளந்து கலந்தேன், பிளக்கும் மாற்றினேன். புகை வெகுவாகக் குறைந்துவிட்டது ஐயா. பழைய கலவை 3 லிட்டர் இருக்கிறது. பெட்ரோல் சேர்த்துச் சரிசெய்யலாமா?

பழைய மெக்கானிக்:
எவ்வளவு ஆயில் இருக்கிறதென்றே தெரியாததில் எவ்வளவு பெட்ரோல் சேர்ப்பீர்கள்? மண்ணில் கொட்டாதீர்கள், அடுப்பு மூட்டவும் எடுக்காதீர்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், பாகங்கள் கழுவ வாங்கிக்கொள்வார்கள்.