திருநெல்வேலியிலிருந்து கொழும்புக்கு ஆசிரியையாக: அறை, பஸ், வகுப்பறைத் தமிழ்

நெல்லைச்சீமை

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்ஸி. இயற்பியலும் பி.எட்.டும் முடிச்சிருக்கேன், வயசு 25. கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் பள்ளியில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அறிவியல் நடத்த வேலை கிடைச்சிருக்கு, செப்டம்பரில் சேரணும். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனா தமிழ்ப் பிள்ளைங்களுக்குத் தேவைப்பட்டா தமிழிலும் விளக்கணும்னு சொல்றாங்க. அதுல எனக்குச் சிரமம் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

தெரிய வேண்டியது: தனியா இருக்கிற பெண்ணுக்கு எந்தப் பகுதியில் அறை நல்லது, ஒப்பந்தத்தில் என்ன பார்க்கணும்? தினமும் போய்வர பஸ்ஸா ரயிலா? யாழ்ப்பாணம் போக டிக்கெட் எப்படி எடுக்கிறது? விசா, சம்பளப் பிடித்தம் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அலைக்கரை

தங்கச்சி, கொள்ளுப்பிட்டியில் வேலை என்றால் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ அறை எடுங்கோ. இரண்டும் காலி வீதி (Galle Road) என்ற பெருந்தெருவிலும் கரையோர ரயில் பாதையிலும் இருக்கு. சந்தை, கோயில், மருந்துக்கடை எங்கையும் தமிழில் கதைக்கலாம். உருத்திரா மாவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு, அங்கை நூலகமும் உண்டு. ரீச்சர் ஆட்களுக்கு உதவும்.

தனி வாசல், குசினி, குளியலறை உள்ள பகுதியை அனெக்ஸ் என்றுவினம். வீட்டுக்காரரோடை ஒரே வாசலில் இருக்கிற அறை போடிங். முதல் ஆறு மாதத்துக்குப் போடிங் போதும்.

முற்பணமாக 3 மாத வாடகையும் கேட்பினம், 6 மாத வாடகையும் கேட்பினம். அந்தக் காசை மாதாமாதம் வாடகையில் கழிக்கிறதா, வெளிக்கிடேக்கை முழுசாகத் திருப்பித் தாறதா என்று எழுத்தில் வாங்குங்கோ. இரண்டு வழக்கமும் இங்கை இருக்கு. வாய்ப் பேச்சோடை விட்டால் ஆளுக்கொரு மாதிரி நினைச்சுக்கொண்டிருப்பினம், கடைசி மாதம் பிரச்சினை வரும்.

அடுத்தது கரண்ட் மீற்றர். வீட்டு மின்கட்டணம் இங்கை படிமுறை. அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறும். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீற்றரில் இருந்தால் இரண்டு பக்க அலகும் சேர்ந்து மேல்படிக்குப் போயிடும். நீங்கள் 40 அலகுதான் எரிச்சிருந்தாலும் மேல்படி விலையில் கணக்குப் பார்ப்பினம். உப மீற்றர் இருக்கோ, அலகுக்கு எவ்வளவு என்று அறை பார்க்கிற அன்றைக்கே கேளுங்கோ.

கடற்கரை வீதிப் பக்கத்து அறைகள் காத்தோட்டமாக இருக்கும். ஆனால் உப்புக் காத்து இரும்பை விடாது. அறையைப் பார்க்கப் போகேக்கை யன்னலை ஒருக்காத் திறந்து மூடிப் பாருங்கோ. பிணைச்சல் கிறீச்சிட்டு, கொழுக்கியைத் தொட்ட விரலில் பழுப்புத் தூள் ஒட்டினால் அந்த அறைக்கு உப்பு நேரே வருகுது. மடிக்கணினி, இரும்பு அலுமாரி எல்லாம் அங்கை கெதியாய்ப் பழுதாகும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காத்து, அந்த நேரம்தான் மோசம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் நடுப்பகுதியில் எடுத்தால் இந்தக் கரைச்சலும் ரயில் சத்தமும் குறைவு.

பிளக்: புதுத் தொடர்மாடிகளில் சதுர முள் 13 அம்பியர்தான். உங்கடை உருண்டை முள் பழைய வீடுகளில் மட்டும் போகும். இரண்டு அடப்டர் வாங்கி வைச்சால் சரி.

திணிவு_அல்ல_நிறை

வீடு பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் வகுப்பறைக்கு வருகிறேன். தமிழில் விளக்குவது சிரமமாக இராது என்று எழுதியிருக்கிறீர்கள். ரீச்சர், நீங்கள் மிகக் கூடுதலாகத் தயார்செய்ய வேண்டிய இடம் அதுதான்.

புதிய சொற்கள் பெரிய பிரச்சினை அல்ல. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று கேட்டதும் ஊகித்துவிடுவீர்கள். தனிமம் இங்கே மூலகம், சேர்மம் இங்கே சேர்வை, திசு இங்கே இழையம், செல் இங்கே கலம், ஒளிச்சேர்க்கை இங்கே ஒளித்தொகுப்பு. தெரியாவிட்டால் பிள்ளை கையை உயர்த்திக் கேட்கும்.

ஆபத்து, இரண்டு பக்கமும் ஒரே சொல் வேறு பொருளில் வருகிற இடங்களில். அங்கே பிள்ளை கேட்காது, விளங்கிவிட்டது என்றே நினைக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் கிலோகிராமில் அளப்பது, எடை நியூட்டனில். இலங்கையில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பதுதான் நிறை. நீங்கள் பலகையில் "நிறை 5, முடுக்கம் 2, விசை என்ன?" என்று அலகில்லாமல் எழுதினால் உங்கள் விடை 10 நியூட்டன். இங்கத்தைய பிள்ளை 5 என்பதை நியூட்டன் என்று எடுக்கும். புவியீர்ப்பு ஆர்முடுகல் (உங்கள் முடுக்கம்) 10ஆல் வகுத்துத் திணிவு 0.5 கிலோகிராம் என்று கண்டு, 1 நியூட்டன் என்று விடை எழுதும். அதன் செய்கையில் பிழை தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது படித்த தமிழில் செய்கை சரி. இப்படியான விடை வந்தால் புள்ளியை வெட்டுவதற்கு முன் சொல்லைப் பாருங்கள்.

வேகமும் அப்படித்தான். உங்களுக்கு வேகம், திசைவேகம். இங்கே திசையில்லாதது கதி, திசையோடு வருவது வேகம். நீங்கள் "வேகத்துக்குத் திசை இல்லை" என்று சொன்னால் இங்கே அது நேர் எதிர்ப் பாடம். முடுக்கம் இங்கே ஆர்முடுகல், வேகம் குறைந்தால் அமர்முடுகல்.

இரசாயனத்தில் காரம். அமிலத்தை நடுநிலையாக்கி உப்பையும் நீரையும் தருவதையெல்லாம் நீங்கள் காரம் என்பீர்கள், நீரில் கரைவதை எரிகாரம் என்பீர்கள். இங்கே முதலாவது மூலம், நீரில் கரைகிற மூலம் மட்டும்தான் காரம். செப்பு ஒட்சைட்டை நீங்கள் காரம் என்றால், "அது கரையாதே ரீச்சர்" என்று கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். அது சரியாகத்தான் சொல்கிறது.

இன்னும் சில: ஆற்றல் இங்கே சக்தி, திறன் இங்கே வலு, அழுத்தம் இங்கே அமுக்கம். இங்கே அழுத்தம் என்றால் மின்னோட்டப் பாடத்தின் அழுத்த வித்தியாசம்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும்.

வழி இலகு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அரச பாடநூல்கள் எல்லாம் இலவசம். தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானப் புத்தகத்தை ஆங்கில மொழிமூலத்தில் இறக்குங்கள். பாட அலகு முடிவுகளில் கலைச்சொல் அட்டவணை இருக்கும், ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே சிங்களமும் தமிழும். அந்தப் பக்கங்களை மட்டும் அச்செடுத்துப் பாடக்குறிப்புக் கொப்பியில் ஒட்டுங்கள். முதல் மாதம், எந்தக் கணியத்தைச் சொன்னாலும் அலகோடு சொல்லுங்கள். சொல் மாறினாலும் அலகு காப்பாற்றும்.

வகுப்பறைச் சாமான்களின் பெயர்களையும் முதல் வாரமே பழகுங்கள்: நோட்டு இங்கே கொப்பி, பேனா பேனை, ஸ்கேல் அடிமட்டம், நாற்காலி கதிரை, பெஞ்ச் வாங்கு, வருகைப் பதிவேடு இடாப்பு.

சீசன்_ரிக்கற்

போக்குவரத்து. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் பம்பலப்பிட்டி, அடுத்தது கொள்ளுப்பிட்டி. இரண்டாவது தரிப்பிடத்தில் இறங்கலாம். தினமும் போவதென்றால் மாத சீசன் எடுங்கள், பஸ்ஸை விட மலிவு. காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகும் ரயில்களில் வாசற்படியில் தொங்கிக்கொண்டுதான் வருவார்கள். உள்ளே ஏற இடமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள், சேலையோடு படியில் நிற்கவே வேண்டாம்.

பஸ் என்றால் காலி வீதியில் 100, 101. அரச பாடசாலைகள் 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். அதனால் காலை 6.45 தொடக்கம், பகல் 1.30 தொடக்கம் வான்களால் வீதி அடைத்துவிடும். அந்த நேரம் ரயில்தான். தமிழ்நாட்டு பஸ்ஸில் போல பெண்கள் பக்கம் என்று இங்கே கிடையாது, எங்கும் இருக்கலாம். முன் ஆசனங்கள் மட்டும் மதகுருமாருக்கு. இறங்கும்போது "பஹினவா" என்றால் கொண்டக்டருக்கு விளங்கும். ஓட்டோவில் "வமட்ட" இடது பக்கம், "தகுணட்ட" வலது பக்கம், "கீயத" எவ்வளவு. இரவில் பிக்மீ, ஊபர் செயலிகளில் கூப்பிடுங்கள், பேரம் பேசத் தேவையில்லை.

யாழ்ப்பாண ரயிலுக்கு 30 நாள் முன்பே ஆசனப் பதிவு திறக்கும். கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்துப் பதிய வேண்டும், பயணத்தின்போது அதே கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். போயா (பௌர்ணமி) விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் ஆசனங்கள் கெதியாக முடியும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அதைவிடக் கெதி. சில ரயில்கள் வெள்ளவத்தைக்குத் தெற்கே உள்ள கல்கிசையிலேயே புறப்படும். கோட்டை வரை போகாமல் இடையில் ஏறலாமா என்று பதியும்போதே பாருங்கள். பெருமழைக்குப் பிறகு பாதை திறந்திருக்கிறதா என்று ரயில்வே தகவல் எண் 1971க்கு அடித்துக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். ரயில் கிடைக்காவிட்டால் இரவில் வெள்ளவத்தையிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு ஏசி பஸ்கள் போகின்றன.

ஊருக்குப் போக விமானம்தான் நேரம் மிச்சம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் சேவையும் உண்டு. ஆனால் காலநிலை மோசமானால் நிறுத்துவார்கள், பாடசாலை தொடங்கும் முதல் நாளை அதை நம்பி வைக்காதீர்கள்.

கோப்பு_எண்

வீசா: சுற்றுலாவுக்கான ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியில் வந்து வேலை செய்ய முடியாது. பாடசாலை உங்களுக்கு நுழைவு வீசா எடுத்துத் தர வேண்டும், வந்த பிறகு பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வதிவிட வீசாவாக மாற்ற வேண்டும். "முதலில் வாருங்கள், பிறகு பார்ப்போம்" என்றால் ஏற வேண்டாம். மலேரியா, யானைக்கால், காசநோய், எச்ஐவி பார்க்கும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது, அதைக் காப்பாற்றவே மலேரியாவையும் பார்க்கிறார்கள். வீசா அந்தப் பாடசாலை வேலைக்கு மட்டும். மாலையில் ரியூசன் கொடுக்க முடியுமா என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சம்பளம்: ஊழியர் சேமலாப நிதிக்கு (உங்கள் ஊர் பி.எஃப். போன்றது) உங்களிடம் 8 வீதம் கழிப்பார்கள், பாடசாலை 12 வீதம் போட வேண்டும். இது நியமனக் கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதமே கேட்டு எழுதி வையுங்கள். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகும்போது மீளப்பெற அது வேண்டும்.

நெல்லைச்சீமை

ரொம்ப நன்றி. நிறை, வேகம் ரெண்டும் நான் நிச்சயம் தப்பாத்தான் நடத்தியிருப்பேன், புத்தகங்களை இறக்க ஆரம்பிச்சிட்டேன். இன்னும் மூணு கேள்வி. பிள்ளைங்களை எங்க ஊர் மாதிரி "நீ, வா, போ"ன்னு கூப்பிடலாமா? நான் சுத்த சைவம், வெளியில சாப்பிட்டா என்ன கவனிக்கணும்? டெங்கு அதிகம்னு வீட்ல பயப்படுறாங்க.

திணிவு_அல்ல_நிறை

"நீங்கள்" என்றே கூப்பிடுங்கள். இங்கே பல வீடுகளில் பெற்றோரே பிள்ளையை "வாங்கோ, இருங்கோ" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அன்பாக "ஏய், இங்க வா" என்றாலும் பிள்ளைக்கு அது ஏச்சு மாதிரி விழும். பேசுவது என்ற சொல்லிலும் கவனம். "அம்மாகிட்ட பேசணும்" என்று பிள்ளையிடம் சொன்னால், அம்மாவுக்கு ஏச்சு விழப்போகிறது என்று பயப்படக்கூடும். "அம்மாவோடு கதைக்க வேணும்" என்று சொல்லுங்கள்.

அலைக்கரை

டெங்குக்கு: அறைக்குள்ளையும் தண்ணி தேங்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, ஏசி தண்ணி விழுகிற வாளி, பூச்சாடித் தட்டு, இதெல்லாத்தையும் கிழமைக்கு ஒருக்கா ஊத்தித் தேய்ச்சுக் கழுவுங்கோ. சும்மா ஊத்தினால் கொசு முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூஃபன் தொடவேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். முதல் நாட்களில் என்எஸ்1 என்ற டெங்கு இரத்தப் பரிசோதனை, மூன்றாம் நாளிலிருந்து எஃப்பிசி (முழு இரத்த எண்ணிக்கை). காய்ச்சல் இறங்கினவுடன் வேலைக்கு ஓடாதையுங்கோ, கவனமாக இருக்கவேண்டிய நேரமே அதுதான். அவசரத்துக்கு 1990, அம்புலன்ஸ் இலவசம்.

சாப்பாட்டில், சைவக் கடை என்று பலகை போட்ட இடத்தில் யோசிக்கத் தேவையில்லை. மற்றக் கடைகளில் "மரக்கறிச் சாப்பாடு" என்று கேட்டால் மீனும் இறைச்சியும் வைக்கமாட்டினம், ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் சில மரக்கறிக் கறியிலும் மாசிக்கருவாட்டுத் தூள் இருக்கும். கண்ணுக்கு மரச்சீவல் மாதிரித் தெரியும், சம்பலின் சிவப்புக்குள்ளை கவனியாமல் விட்டிடுவியள். பரிமாற முதலே "மாசி போட்டதோ" என்று கேளுங்கோ. சிங்களக் கடையில் அதுக்கு உம்பலகட என்று பெயர், "உம்பலகட எபா" என்றால் போடாததை எடுத்து வைப்பினம்.