சேலத்து வெயிலில் ஸ்வீடன் பட்டை பன்: மாவு நிற்க மாட்டேன் என்கிறது

அஸ்தம்பட்டி அடுப்படி:
மே மாதம் அண்ணன் குடும்பத்தோடு ஸ்வீடனிலிருந்து வருகிறார். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அண்ணி சுட்டுத் தரும் கனேல்புல்லே, அதாவது வெண்ணெயும் பட்டைத்தூளும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய பன் என்றால் அவர்களுக்கு உயிர். அத்தை கையால் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று ஆசை, அதனால் இப்போதே செய்து பார்க்கிறேன். பாலை 37 டிகிரிக்குச் சூடாக்கி மாவைப் பிசைந்து அரை மணி நேரம் உப்ப விடச் சொல்கிறது அண்ணியின் குறிப்பு. இங்கே மத்தியான வெயிலில் கால் மணி நேரத்திலேயே மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வருகிறது, சுட்டால் புளித்த வாடை. உள்ளே தடவிய வெண்ணெய் உருகித் தட்டில் ஓடி அடி கருகிவிடுகிறது. அப்புறம் அரை லிட்டர் பாலுக்கு 50 கிராம் ஈஸ்ட் என்று இருக்கிறதே, அவ்வளவா? 14 டெசிலிட்டர் மைதா என்றால் எவ்வளவு? மேலே தூவும் முத்துச் சர்க்கரைக்கு எங்கே போவது? அம்மா முட்டை சேர்க்க மாட்டார், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கோத்தன்பர்க் ரிட்டர்ன்:
அக்கா, அந்த 50 கிராம் ஈரமான ஈஸ்ட் கட்டி. அங்கே கடையில் ஒரு கட்டியே 50 கிராம்தான், அதனால் எல்லாக் குறிப்பிலும் அந்தக் கணக்கு வரும். நமக்குக் கிடைக்கும் இன்ஸ்டன்ட் உலர் ஈஸ்ட் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு போதும். சேலத்து மே மாதத்துக்கு 8 கிராமே தாராளம். அவர்கள் மாவைக்கூட எடை போடாமல் டெசிலிட்டரில் அளப்பார்கள், ஒரு டெசிலிட்டர் 100 மில்லி, அதில் மைதா ஏறக்குறைய 60 கிராம் பிடிக்கும். 14 என்றால் 840 கிராம். அது நாற்பது பன்னுக்கான மாவு, பாதி போட்டுப் பாருங்கள்.

பாலைச் சூடாக்கச் சொல்வது அவர்கள் ஊர்க் குளிருக்கு. உங்கள் சமையலறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அது எதற்கு? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலையே ஊற்றுங்கள். பிசைந்த மாவை மூடி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் நிதானமாக உப்பும், புளிப்பு வாடை வராது, வாசனையும் கூடும். முட்டை பற்றிக் கவலையே வேண்டாம். வழக்கமான மாவில் முட்டை கிடையாது, மேலே பூசத்தான். பால் பூசினால் பளபளப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஏற்காட்டு அடுப்பு:
யாரும் ஏலக்காயைப் பற்றிப் பேசவில்லையே. பட்டை உள்ளே தடவத்தான், மாவுக்குள் ஏலக்காய் இல்லாவிட்டால் அது ஸ்வீடன் பன்னே இல்லை. நாம் பாயசத்துக்குப் போடுவது போல சர்க்கரையோடு சேர்த்துத் தோலுடன் மைய அரைக்கக் கூடாது. தோலை உரித்து, கறுப்பு விதையை மட்டும் இடிகல்லில் ஒன்றிரண்டாக நசுக்க வேண்டும். கடிக்கும்போது ஒரு விதைத் துணுக்கு பல்லில் பட்டு வாசனை மூக்கில் ஏற வேண்டும். கால் லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் நிறைய. இடித்து வைத்த பழைய தூளுக்கு அந்த வாசனை வராது. போடி ஏலக்காய் கிடைக்கிற நாம் இதில் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது.

வெண்ணெய் ஓடுவதற்கு: உருக்கி ஊற்றாதீர்கள், குழைந்த பதத்தில் சர்க்கரை, பட்டைத்தூள், ஒரு ஸ்பூன் மைதா சேர்த்துப் பசையாக்கித் தடவுங்கள். மைதா வெண்ணெயைப் பிடித்து வைக்கும். சுருட்டி வெட்டியதும் தட்டோடு கால் மணி ஃபிரிட்ஜில் வையுங்கள். நெய் வேண்டவே வேண்டாம், இன்னும் வேகமாக ஓடும். கடை வெண்ணெயில் உப்பு இருந்தால் மாவுக்கு உப்பு போடாதீர்கள். எப்படியும் பிள்ளைகளை மலைக்குக் கூட்டி வருவீர்கள் இல்லையா, சின்ன ஓவன்தான் என்றால் காரில் போட்டு வந்து இங்கேயே சுடுங்கள். மே மாதத்திலும் ஏற்காட்டில் விடியற்காலையில் மாவு சொன்ன பேச்சு கேட்கும்.

செவ்வாய்ப்பேட்டை:
முத்துச் சர்க்கரைக்குப் பதில் டைமண்ட் கற்கண்டு தூவலாமே, லீ பஜாரில் கிலோ கணக்கில் வாங்கலாம்.

கோத்தன்பர்க் ரிட்டர்ன்:
கற்கண்டு வேண்டாம் சார், பிள்ளைகள் பல் போய்விடும். முத்துச் சர்க்கரை நறுக்கென்று கடித்தால் உதிர வேண்டும். டீயில் போடும் சர்க்கரைக் கட்டியைத் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் தட்டி, தூளைச் சலித்து எடுத்துவிட்டு மேலே நிற்கும் துணுக்குகளைத் தூவுங்கள். கிட்டத்தட்ட அதேதான். ஓவன் 225 டிகிரி வரை நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள், 8 முதல் 10 நிமிடம். சூடு குறைவாக வைத்து அதிக நேரம் சுட்டால் ரஸ்க் மாதிரி காய்ந்துவிடும்.

அஸ்தம்பட்டி அடுப்படி:
ரொம்ப நன்றி. குளிர்ந்த பாலில் இன்று ராத்திரியே பிசைகிறேன். இன்னொன்று, அவர்கள் வருவதற்கு முன்பே சுட்டு வைக்கலாமா?

கோத்தன்பர்க் ரிட்டர்ன்:
தாராளமாக. அங்கே வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கம். ஒரே நாளில் நிறையச் சுட்டு, ஆறியவுடன் அன்றைக்கே பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுவார்கள், விருந்தாளி வந்தால் எடுத்து ஓவனில் சூடு காட்டுவார்கள். மறுநாள் வரை வெளியே வைத்துவிட்டு அப்புறம் ஃப்ரீசரில் போடாதீர்கள், பன் அதற்குள் வறண்டிருக்கும்.