கொள்ளளவும் அடிப்பரப்பும் மாறாதபோது அட்டைப்பெட்டியின் விலை ஏன் கூடுகிறது?

கேள்வி:
மணப்பாறையில் முறுக்குத் தொழில் செய்து வருகிறேன். வெளியூருக்குச் சரக்கு அனுப்ப 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட 3 பிளை (மூன்று தாள் அடுக்கு) அட்டைப்பெட்டிகளை வாங்குகிறேன். கொள்ளளவு 24,000 கன செ.மீ., அடிப்பரப்பு 600 சதுர செ.மீ. அடி சதுரத்தை நெருங்கினால் சுற்றளவு குறையும் என்பதால், இவ்விரண்டையும் மாற்றாமல் 25-க்கு 24 என்ற அளவில் செய்து தரக் கேட்டேன். மொத்தப் பரப்பு 5,200 சதுர செ.மீ.யிலிருந்து 5,120 ஆகக் குறைகிறது. ஆனால் பெட்டி செய்பவர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். அவர் கேட்பது நியாயமா?

மறுமொழி 1:
கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் பெருக்கலில் பிழையில்லை. கொள்ளளவை அடிப்பரப்பால் வகுத்தால் உயரம் மட்டுமே கிடைக்கும். நீள அகலம் தெரியாமல் பக்கங்களின் பரப்பைக் காண முடியாது. ஆனால் மேலும் கீழும் ஒற்றைத் தகடு என்று நீங்கள் கொண்டது தகரப்பெட்டிக்குத்தான் பொருந்தும்.

மறுமொழி 2:
பெட்டி தயாரிப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். சாதாரண அட்டைப்பெட்டி ஒரே தாளாக வெட்டப்படுகிறது. அத்தாளின் நீளம், சுற்றளவோடு ஒட்டும் விளிம்புக்கு 4 செ.மீ. சேர்ந்தது; தாளின் அகலம், பெட்டியின் உயரமும் அகலமும் சேர்ந்தது, ஏனெனில் மேல் மடிப்புக்குப் பாதி அகலமும் கீழ் மடிப்புக்குப் பாதி அகலமும் வேண்டும். உங்கள் பழைய பெட்டிக்கு 104 × 60, அதாவது 6,240 சதுர செ.மீ.; புதியதற்கு 102 × 64, அதாவது 6,528. சுற்றளவில் மிச்சமானதைவிட மடிப்பில் அதிகம் போய்விடுகிறது.

விலையை எடையில்தான் போடுவோம். அடுக்கின் மூன்று தாளும் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) என்றும், நடுவில் அலைபோல் வளைந்திருக்கும் நெளிவுத் தாள் 1.4 மடங்கு செலவாகும் என்றும் கொண்டால் அட்டை சதுர மீட்டருக்கு 510 கிராம் வரும். பழைய பெட்டி 318 கிராம், புதியது 333 கிராம். கிலோ 60 ரூபாய் என்றால் முறையே 19.09, 19.98 ரூபாய். அவர் கேட்டது நியாயமான விலையே. அதற்காக அகலத்தைக் குறைத்துக்கொண்டே போவதும் உதவாது: 40-க்கு 15 என்றால் தாள் 6,270 ஆகிவிடும். உங்கள் உயரத்துக்கு 18 செ.மீ. அகலத்தை ஒட்டித்தான் அட்டை மிகக் குறைவாகச் செலவாகும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழைய பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து அளந்தேன். 104-க்கு 60 சரியாகவே இருந்தது. அடியில் உள்மடிப்புகள் இரண்டுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி இருக்கிறது. 25-க்கு 24 பெட்டியில் அந்த இடைவெளி 1 செ.மீ.தான் இருக்கும், ஆகவே அடிப்பகுதி ஏறக்குறைய முழுவதும் இரட்டை அட்டையாகிவிடும் என்பது விரித்துப் பார்த்த பிறகே விளங்கியது. ஆயிரம் பெட்டிகளுக்கு ஏறத்தாழ 880 ரூபாய் வித்தியாசம் என்பதால் பழைய அளவிலேயே சொல்லிவிட்டேன்.