மண் அணையின் வெளிச்சரிவில் ஊற்று: களிமண் வைத்து அடைக்கலாமா?

குளக்கரை (கேட்டவர்):
வணக்கம். சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய நிலத்தில் பழைய மண் அணை ஒன்று இருக்கிறது. படகு விட, தூண்டில் போட என்று பொழுதுபோக்குக்காகவே கட்டியது; பாசனம் கிடையாது. கரையின் உயரம் ஏறக்குறைய 5 மீட்டர். வரைபடமோ கட்டிய ஆண்டோ விற்றவரிடம் இல்லை.

கரைக்கு அடியில் போகும் இரும்புக் குழாயின் வெளிவாய் துருவேறி, அடிப்பாகம் அரித்துப்போயிருக்கிறது. குழாய்க்குள்ளிருந்து அல்ல, அதை ஒட்டிய மண்ணிலிருந்து தண்ணீர் ஊறி வருகிறது. வெளிச்சரிவில் பெரிய மரங்கள் நிற்கின்றன. கலிங்கின் (குளம் நிறைந்தால் மிச்ச நீர் வழிந்து போகும் வாய்) குறுக்கே, மீன் வெளியேறாமல் இருக்க யாரோ கம்பிவலை அடித்திருக்கிறார்கள். கரைக்குக் கீழே ஓடை, அதை ஒட்டி வீடுகள்.

ஊற்று வரும் இடத்தில் களிமண்ணை வைத்து இறுக்கிக் குத்தினால் நின்றுவிடும் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா?

மதகடி:
வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். வெளிப்பக்கத்தில் வாயை அடைத்தால் குளத்திலிருந்து ஊறுவது நிற்காது. போக்கிடம் இல்லாமல் கரைக்குள் நீர் ஏறும், அழுத்தம் கூடும், கரையே இளகும். பிறகு வேறோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிறதா என்பதைவிட, கசியும் நீர் மண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறதா என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு மணலாக வெளியே வந்தால், வெளிவாயிலிருந்து குளத்தை நோக்கி உள்ளே ஒரு பொந்து வளர்கிறது என்று பொருள். அது குளத்தைத் தொட்டுவிட்டால் மணிக்கணக்கில்தான் அவகாசம். அமெரிக்காவின் டீட்டன் அணை உங்கள் கரையைப் போலப் பல மடங்கு பெரியது. 1976 ஜூன் 5 அன்று காலை ஏழரை மணி வாக்கில் அங்கே கலங்கல் நீர் கண்ணில் பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

கசியும் நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, இரவு முழுவதும் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் மண் படிகிறதா? வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்பதையும், அன்றைய குளத்து நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். மட்டம் ஏறாமலே கசிவு கூடினால் அது கெட்ட அறிகுறி.

பசுங்கரை:
மரங்களை முதலில் வேரோடு பிடுங்கி எறியுங்கள். கரைக்கு எமனே அதுதான்.

மதகடி:
மரம் கரைக்கு ஆகாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வேர் மக்கினால் அந்த வழியே நீர் நுழையும். காற்றில் மரம் சாய்ந்தால் கரையில் பெரிய பள்ளம் விழும். ஆனால் குளம் நிறைந்திருக்கும்போது பெரிய மரத்தை வேரோடு பிடுங்குவது கரையில் நாமே குழி தோண்டுவதற்குச் சமம். இப்போதைக்குப் புதரையும் கன்றுகளையும் வெட்டுங்கள், கரையடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரிய மரங்களை நீரை இறக்கியபின், பொறியாளர் சொல்லும் முறையில் எடுக்கலாம். எலி வளை, நண்டு வளை கண்டால் இடத்தைக் குறித்து வையுங்கள்.

மரத்தைவிட எனக்கு அந்தக் கம்பிவலைதான் பயமாக இருக்கிறது. பெருமழையில் இலையும் சுள்ளியும் அதில் அடைத்தால் கலிங்கு இருந்தும் இல்லாத கணக்குதான். நீர் கரைமேல் வழியும். வழிந்தால் வெளிச்சரிவு அரிபட்டு மண் கரை உடையும். மீன் போனால் போகட்டும், இன்றைக்கே அறுத்தெறியுங்கள்.

நீர்மட்டம்:
சின்னக் குளம்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை ஏறக்குறைய 12 மீட்டர் உயரம்தான். மின்னுற்பத்தி நின்றபின் பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. 1977 நவம்பர் 6 அதிகாலை, பெருமழைக்குப் பின் உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். உங்கள் கரைக்குக் கீழேயும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு இப்போதே சொல்லுங்கள். அணைகளைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மழை இரவில் யார் கரையைப் பார்ப்பது, யார் யாரை அழைப்பது என்று எழுதி எல்லா வீட்டிலும் கொடுங்கள்.

குளக்கரை:
வலையை அறுத்துவிட்டோம். பாட்டிலின் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கிறது. நீர்மட்டத்தை இறக்கலாம் என்றால் குழாயின் அடைப்பான் திருகவே வரவில்லை. இரும்புக் கம்பி போட்டு நெம்பலாமா?

மதகடி:
நெம்பாதீர்கள். துருவேறிய குழாயில் முழு வேகத்தில் நீர் ஓடினால் ஓட்டைகள் வழியே கரை மண்ணுக்குள் பீய்ச்சும். அடைப்பான் பாதியில் உடைந்தால் மூடவும் முடியாது. பம்பு வைத்தோ வளைகுழாய் (சைஃபன்) போட்டோ கலிங்குப் பக்கமாக இறையுங்கள். விடும் நீர் கரையடியில் விழாமல் தள்ளிப் போய் ஓடையில் சேர வேண்டும்.

வண்டல் படிவதால் இதைத் தள்ளிப்போட முடியாது, ஆனால் அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறைக்கவும் கூடாது. மட்டம் சட்டென்று இறங்கினால் நனைந்த உள்சரிவு தாங்க ஆளில்லாமல் சரியும். ஒரு நாளில் 30 செ.மீ.க்கு மேல் போகாமல் பாருங்கள். கரையில் வெடிப்பு தெரிந்தால் பொறியாளரைக் கேட்காமல் தொடராதீர்கள். ஊற்று கண்ணுக்கே தெரியும்படி கலங்கினாலோ, குளத்தில் சுழி விழுந்தாலோ, கரையில் நிற்காமல் முதலில் கீழ் வீட்டாரை வெளியேற்றுங்கள்.

குளக்கரை:
பம்பு ஓடுகிறது. மண் பொறியாளர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கீழ் வீடுகளுக்கும் சொல்லியாயிற்று. அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

மதகடி:
குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதை அப்படியே விட்டு உள்ளே புதுக் குழாய் நுழைப்பதா, கரையைத் தோண்டி மாற்றுவதா என்று கேளுங்கள். எதுவானாலும், குழாயின் வெளிப்பாதியைச் சுற்றி மணல் வடிகட்டி உண்டா என்று கேட்காமல் விடாதீர்கள். அது நீரை விடும், மண்ணை விடாது. அந்தக் காலத்தில் குழாயைச் சுற்றிக் காங்கிரீட் வளையம் மட்டும் போடுவார்கள். அதன் ஓரத்தில் மண்ணைச் சரியாகக் கெட்டிக்க முடியாமல் அங்கேயே அரிப்பு தொடங்கியது உண்டு. பெருமழைக்குக் கலிங்கின் அகலம் போதுமா என்ற கணக்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.