மலேசியா, பகாவ் குடும்பக் குழு: தர்ஷினியும் பட்டாளமும்

கவிதா, இரவு 8.12
அண்ணே, தர்ஷினி எஸ்.பி.எம். பள்ளிப் பரீட்சை முடிந்ததும் பட்டாளத்துக்கு மனு போடுவேன் என்கிறாள். ஆபீஸ் வேலை வேண்டாமாம், சண்டைப் பிரிவுதான் வேண்டுமாம். மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. நீங்கள் கெமாஸ் பட்டாளக் கேம்பில் இருந்தவர். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

செல்வம் மாமா, 8.15
வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறாயா? முதலில் பிள்ளை பேசட்டும். தர்ஷினி, ஏன்மா?

தர்ஷினி, 8.19
மாமா, ஆகாயப் படையில் சபாக்காரப் பெண் பெட்ரிசியா யாப் மிக்-29 போர் விமானம் ஓட்டியிருக்கிறார். விமானம் ஓட்ட முடிகிறவளுக்குத் தரையில் நின்று காவல் காக்க மட்டும் ஏன் முடியாது? சோதனை வைக்கட்டும். தோற்றால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

முரளி, 8.24
தர்ஷினி, கோபப்படாதே. அமெரிக்கப் பட்டாளத்தின் கடும் பயிற்சிப் பள்ளியான ரேஞ்சர் பள்ளி 2015-ல் முதல் தடவையாகப் பெண்களைச் சேர்த்தபோது 19 பேர் போனார்கள், 3 பேர்தான் முடித்தார்கள். அவர்களும் சில கட்டங்களைத் திரும்பச் செய்துதான் முடித்தார்கள். குண்டு பட்டவனை நீ தூக்க முடியாமல் போனால் சாகப்போவது அவன். எனக்கு அதுதான் கவலை.

விமலா சித்தி, 8.31
முரளி, கவலை நியாயம்தான். ஆனால் அந்தப் பள்ளியில் ஆண்களிலும் பாதிப் பேருக்கு மேல் தேறுவதில்லை. தேறியவர்களில் ஒருவர் கிறிஸ்டன் கிரீஸ்ட். 2016-ல் அமெரிக்கக் காலாட்படையின் முதல் பெண் அதிகாரி ஆனார். ராணுவம் உடல்தகுதித் தேர்வில் பெண்களுக்குத் தனி மதிப்பெண் வைக்கப் பார்த்தபோது, சண்டைப் பிரிவுகளில் அது கூடாது என்று 2021-ல் எழுதினதும் அவரேதான். அளவைக் குறைத்தால் பட்டாளத்துக்கும் கெடுதல், பெண்களுக்கும் கெடுதல் என்றார். நானும் அந்தக் கட்சி. ஒரே அளவு வை, தாண்டினவளை விடு.

விமலா சித்தி, 8.34
அப்புறம், நர்ஸ் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாளப் பயிற்சியில் கால் எலும்பில் மயிரிழை விரிசல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பல நாடுகளில் பார்த்த விஷயம். எடையைத் திடீரென்று ஏற்றுவது ஒரு காரணம். சரியாகச் சாப்பிடாததும் காரணம். ஆண் உடம்புக்குத் தைத்த பை இடுப்பில் உட்காராமல் தோளையே இழுக்கும். தர்ஷினி, நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுவதை முதலில் நிறுத்து.

கவிதா, 8.37
எவ்வளவு எடை தூக்கச் சொல்வார்கள்?

செல்வம் மாமா, 8.40
ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஒரு கணக்கு. முரளி சொன்ன ரேஞ்சர் பள்ளியில் 35 பவுண்டுப் பையோடு 12 மைல், 3 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். 16 கிலோ, 19 கிலோமீட்டர்.

கவிதா, 8.52
16 கிலோவா? தோட்டத்தில் மருந்து அடிக்கிற பம்பை நிறைத்தால் அந்த எடைதானே அண்ணே.

கவிதா, 8.58
காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் முதுகில் ஏற்றுவேன். செம்பனைத் தோட்டத்துக்குள் மேடு, பள்ளம், முள். தீரத் தீர நிரப்பி மறுபடியும் ஏற்றுவேன். 11 வருஷம். தர்ஷினி வயிற்றில் இருந்தபோதும் ஐந்தாம் மாதம் வரை மருந்து அடித்தேன். பொம்பளையால் முடியுமா என்று வேலை வாங்கிய எந்த மண்டோரும் என்னைக் கேட்டதில்லை.

முரளி, 9.03
அத்தை, நீங்கள் ஐந்தாம் மாதம் வரை அடித்தது எனக்குத் தெரியாது.

முரளி, 9.04
ஆனாலும் அதே எடையோடு மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதற்குப் பழக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

செல்வம் மாமா, 9.06
அது சரியான பேச்சு.

விமலா சித்தி, 9.15
அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சொல்வதை அப்படியே அடிக்கிறேன்: "எங்க அக்கா 1943-ல நேதாஜி பட்டாளத்துக்குப் போனா. எனக்கு ஆறு வயசு. அப்பா லயத்து வாசல்லயே நின்னாரு, ஒண்ணும் பேசல. சிங்கப்பூர் கேம்புல சேலைய வாங்கி வச்சிக்கிட்டு கால்சட்டை குடுத்தாங்களாம். திரும்பி வந்தப்ப முடி கழுத்தோட இருந்துச்சு. தோளுல வார் அழுத்துன தழும்பு, சாகுற வரைக்கும் போகல. முதுகு தேய்ச்சு விடுறப்ப என் கைக்குத் தட்டுப்படும்."

தர்ஷினி, 9.17
பாட்டி இதை என்னிடம் சொன்னதே இல்லை.

விமலா சித்தி, 9.24
நம் வீட்டில் அதிகம் பேசமாட்டார்கள். பெரியம்மா சேர்ந்தது நேதாஜியின் பெண்கள் பட்டாளமான ஜான்சி ராணி படை. அதன் தலைவி டாக்டர் லட்சுமி, துணைத்தலைவி கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர். ஜானகி சேர்ந்தபோது உன் வயதுதான். படையில் பெரும்பாலும் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டின தமிழ்ப் பெண்கள். பர்மா வரை போனார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் பக்கம் பின்வாங்கினபோது பகலில் விமானம் குண்டு போடும் என்று ராத்திரியில் நடந்தார்கள். பயிற்சி எல்லாம் கொடுத்துவிட்டுச் சண்டைக்கு அனுப்பாமலே திருப்பிவிட்டார்கள் என்று பெரியம்மா கடைசிவரை வருத்தப்பட்டார்.

கவிதா, 9.41
எனக்குப் பயம் போகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். பெற்றவளுக்குப் போகாது.

செல்வம் மாமா, 9.43
போகாது கவிதா. நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது அம்மாவுக்கும் போகவில்லை.

கவிதா, 9.50
சனிக்கிழமை காலை 5.30-க்கு ரயில்வே கேட்டிலிருந்து நானும் இவளோடு நடக்கிறேன். எடை எவ்வளவில் ஆரம்பிக்கலாம் அண்ணே?

செல்வம் மாமா, 9.52
5 கிலோ அரிசிப் பை போதும். இரண்டு வாரம் கழித்து ஏற்றலாம். நானும் வருகிறேன். தர்ஷினி, காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள், கொப்புளம் வராது.

தர்ஷினி, 9.53
சரி மாமா.