சரளிவரிசையிலேயே சிவப்பு: சுருதி மதிப்பெண் செயலியை என்ன செய்வது?

ரோஸ் ஹில் வகுப்பு:
வணக்கம். மொரீஷியஸில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வாய்ப்பாட்டு வகுப்பு. வீட்டுப் பயிற்சிக்குப் பிள்ளைகள் சுருதிக்கு மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை வைத்திருக்கிறார்கள். சரளிவரிசை (தொடக்கச் சுரப் பயிற்சி), மாயாமாளவகௌளை ராகம், 5 கட்டைச் சுருதி. தம்புராவோடு இழைந்து பாடும் பிள்ளைக்கே காந்தாரம் (‘க’ சுரம்) ‘குறைவு’ என்று சிவப்பு விழுகிறது. தோடி ராக வர்ணம் பாடும் பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். ஏதும் மாற்றலாமா, விட்டுவிடலாமா?

சுருதிப்பெட்டி:
பிள்ளை பாடுவது சரி, அளவுகோல்தான் வேறு. 5 கட்டையில் சட்ஜம் (‘ச’) 196 ஹெர்ட்ஸ். தம்புராவின் சட்ஜத் தந்தியிலேயே அந்தர காந்தாரமும் (இந்த ராகத்தின் ‘க’) மெல்ல எழும். அதோடு சேரும் குரல் 245-இல் நிற்கும் (196 × 5/4). செயலி எதிர்பார்ப்பது சம இடைவெளியில் சுரம் பிரித்த பியானோக் காந்தாரம், ஏறக்குறைய 247. வித்தியாசம் 14 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்). பிழை வரம்பு 10 சென்ட் என்றிருந்தால் சிவப்பு விழத்தான் செய்யும்; 25 ஆக்குங்கள்.

தோடிக்கு அது உதவாது. அங்கே காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைகிறது, அந்த அசைவுதான் சுரமே. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளை அசைவை நிறுத்தப் பழகினால் ராகம் போய்விடும். தயவுசெய்து மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, சுருதி ஏறி இறங்குவதை வரையும் கோட்டை மட்டும் காட்டுங்கள்.

திரியோலே:
கோட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் பிராட் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளே போதும் அம்மா. சட்ஜம் 196 என்றால் அது சுருதி தேடும் கீழ் எல்லை 130, மேல் எல்லை 620 வையுங்கள். மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் 147, தார (மேல் ஸ்தாயி) பஞ்சமம் 588, இரண்டும் அடங்கும். கீழ் எல்லையை 75-இல் விட்டால் கோடு திடீரென ஒரு ஸ்தாயி கீழே குதிக்கும். கமகமும் (சுரத்தின் அசைவு) மழுங்கும்: கீழ் எல்லையின் 3 அலைகளுக்கு ஆகும் நேர அளவில் ஒலியை வெட்டித்தான் பிராட் கணக்கிடுகிறது. 75-க்கு 40 மில்லி விநாடி, 130-க்கு 23.

வந்த ஹெர்ட்ஸ் எண்ணைப் பாடுபவரின் சட்ஜத்தால் வகுத்து, 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை (log) எடுத்து, 1200-ஆல் பெருக்குங்கள்; சென்ட் கிடைக்கும். நீங்கள் 4 கட்டையில் பாடினாலும் பிள்ளையின் கோடு உங்கள் கோட்டின் மேல் அப்படியே பொருந்தும்.

பதிவு செய்யும்போது தம்புரா ஒலி, கம்பியுள்ள இயர்போன் வழியாக ஒரு காதில் மட்டும் கேட்கட்டும்; போன் ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். சுருதி வெளியே ஒலித்தால், மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கருவி பஞ்சமத்தைப் பிடித்து எழுதிவிடும். போனின் இரைச்சல் நீக்கியையும் அணையுங்கள். நீண்ட கார்வையை (ஒரே சுரத்தில் நிற்பதை) அது மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டும்.

ரோஸ் ஹில் வகுப்பு:
மிக்க நன்றி. இன்னொன்று: வீட்டில் கிரியோல் மொழி பேசும் பிள்ளைகள் தேவாரத்தை ரோமன் எழுத்தில் படிப்பதால் ல, ள, ழ ஒன்றாகிவிடுகிறது. பேச்சை எழுத்தாக்கும் செயலியில் சோதிக்கலாமா?

சுருதிப்பெட்டி:
பாட்டாகக் கொடுக்காதீர்கள், அகாரம் (‘ஆ’ என்று இழுப்பது) நீண்டால் இல்லாத சொல்லைத் தானாக எழுதும். பேசிக் காட்டினாலும் ஆபத்து உண்டு. ‘மளை’ என்று சொன்னாலும் பழகிய சொல்லான ‘மழை’ என்றே எழுதிப் பிழையை மூடிவிடும். மூன்றுமே உண்மைச் சொல்லாக இருக்கும் வால், வாள், வாழ் போன்றவற்றைத் தனித்தனியே சொல்லவைத்துப் பதிவு செய்து, நீங்களே காதால் கேளுங்கள்.