‘மேற்கண்ட அனைத்தும்’ மைனஸில் வந்தால் கேள்வியைத் தூக்க வேண்டுமா?

வைகைக்கரை: சாக்பீஸ் ஐயா நேற்று, "ஆன்லைன் தேர்வு நடத்தும் மூடுல் மென்பொருளில், நன்றாகப் படிப்பவரை ஒரு கேள்வி பிரித்துக் காட்டுகிறதா என்று சொல்லும் டிஸ்கிரிமினேஷன் இன்டெக்ஸ் மைனஸ் காட்டினால் கேள்வி செல்லாது, தூக்கிவிட்டு எல்லாருக்கும் மார்க் போடுங்கள்" என்று எழுதினார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் வகுப்பில் 62 பேர், 14ஆம் கேள்வி மைனஸ். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. நான்காவதாக இருக்க வேண்டிய ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை, மூடுல் வரிசையைக் கலைத்ததில் சிலருக்கு முதலாவதாக வந்துவிட்டது. மேலே ஒன்றுமே இல்லாதபோது எது ‘மேற்கண்ட’? நிதானமாகப் படிக்கிற பிள்ளைகள்தான் குழம்பினார்கள்.

சாக்பீஸ்: அப்படியானால் கேள்வி கெட்டுப்போனது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். மற்ற கேள்விகளில் நல்ல மார்க் வாங்கியவர் இதிலும் வாங்கினாரா என்றுதான் அந்த எண் பார்க்கிறது. மைனஸ் என்றால் தலைகீழ். 22 வருடம் வினாத்தாள் எடுத்தவன் சொல்கிறேன், ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று எழுதுவதே சோம்பேறித்தனம்.

கோவைலேப்: ஒரு டிக் எடுத்தால் போதுமே. விடை வரிசையைக் கலைக்கும் ‘ஷஃபிள்’ டிக் கேள்விக்குள் ஒன்று, தேர்வு அமைப்பில் ஒன்று. இரண்டும் ஆனில் இருந்தால்தான் விடைகள் கலையும். அந்தக் கேள்விக்கு மட்டும் எடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை: இனிமேல் எடுப்பேன். முடிந்த தேர்வுக்கு என்ன செய்வது? ஆளுக்கொரு வரிசை வந்திருக்கிறது. சரியான வரிசையைப் பார்த்தும் தப்பாகப் போட்டவருக்கு நான் ஏன் மார்க் தர வேண்டும்? அப்புறம், சோம்பேறித்தனம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

சாக்பீஸ்: பெறமாட்டேன். மூன்றில் இரண்டு சரி என்று தெரிந்தாலே ‘அனைத்தும்’ என்று தட்டிவிடலாம், மூன்றாவதைப் படிக்கவே வேண்டாம். இதற்குப் பெயர் தேர்வா? போன வருடம் நெகட்டிவ் மார்க் திரியிலும் என் கணக்குக்குப் பதில் சொல்லாமல்தான் போனீர்கள்.

பின்பெஞ்ச்: அந்தத் திரியில் தப்பாகச் சொன்னது நீங்கள்தான் சார். நெகட்டிவ் வைத்தாலே குருட்டாம்போக்கு நின்றுவிடும் என்றீர்கள். ஜேஇஇ மெயினில் சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. நான்கு விடையில் ஒன்றைச் சும்மா தட்டினாலும் சராசரியாகக் கால் மார்க் லாபம். கேட் (GATE) தேர்வில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு, அங்கேதான் கணக்கு பூஜ்யம்.

சாக்பீஸ்: கால் மார்க்கை நம்பி எவனும் ஐஐடி போனதில்லை. பேச்சை மாற்றாதீர்கள். மைனஸ் வந்த கேள்வி செல்லாது.

கோவைலேப்: 62 பேரை வைத்து அந்த எண்ணை இவ்வளவு நம்பக்கூடாது ஐயா. நான்கைந்து பேர் மாற்றிப் போட்டிருந்தால் பிளஸ் ஆகியிருக்கும்.

சாக்பீஸ்: ஆகவில்லையே. மைனஸ்தானே வந்திருக்கிறது. நீங்கள் லேப் ஆள், சர்வரைப் பாருங்கள், வினாத்தாளை ஆசிரியர்களிடம் விடுங்கள்.

கோவைலேப்: அந்த ஆசிரியர்கள் தேர்வு முடியும் நேரத்தைப் போடாமல் விட்டு இரவு 11 மணிக்கு எனக்குத்தான் போன் செய்கிறார்கள். மரியாதையாகப் பேசுங்கள்.

வைகைக்கரை: ஒவ்வொருவர் விடைத்தாளையும் திறந்து, யாருக்கு எந்த வரிசை வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரிசை கெட்டவர்களுக்கு மட்டும் மார்க் தருவேன். கேள்வியைத் தூக்கமாட்டேன்.

சாக்பீஸ்: ஒரே கேள்விக்கு இரண்டு நியாயமா? மைனஸ் மைனஸ்தான். நாளைக்கு என் பழைய வினாத்தாள்களின் எண்களோடு வருகிறேன்.